வேட்டைக்கும் காட்டுத் தடத்துக்கும் ஏ.டி.வி. வாங்குதல்: ஒன்ராறியோவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒன்ராறியோவில் வேட்டைப் பயிற்சியை முடித்து, துப்பாக்கி உரிமமும் கையில் கிடைத்த பிறகு பலருக்கு வரும் அடுத்த எண்ணம், கரடுமுரடான நிலத்திலும் ஓடும் ஏ.டி.வி. வாங்க வேண்டும் என்பதுதான். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் விசாரித்தவர்களே இந்த நான்கு சக்கர வண்டியை ஒரே மாலையில், காட்சியறையில் நின்றபடியே முடிவு செய்துவிடுவதுண்டு. அங்கே முதலில் பேசப்படுவது எஞ்சினின் சிசியும் குதிரைத்திறனும்தான். வாங்குகிறவர் அவற்றுக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டி சுமையோடு, இருட்டத் தொடங்கிய நேரத்தில், ஈரமான சரிவில் உங்களைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருமா? காட்டுக்குள் போவது எந்த வண்டிக்கும் எளிது. தேர்வை முடிவு செய்ய வேண்டியது திரும்பி வரும் வழிதான். கீழே வரும் படிகள் அந்த ஒரே எண்ணத்தைப் பின்பற்றியவை.

முதற்படி: எந்த நிலத்தில் ஓட்டப் போகிறீர்கள்?

ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளிலிருந்து வார இறுதியில் புறப்படுகிறவருக்குப் பொதுவாக மூன்று வகை நிலம் வாய்க்கிறது. முதலாவது, தண்டவாளம் அகற்றப்பட்ட பழைய ரயில் பாதைகள். பான்கிராஃப்ட் வட்டாரத்தில் உள்ள ஹேஸ்டிங்ஸ் ஹெரிட்டேஜ் தடம் இத்தகையது. சரளைக்கல் நிரவிய, ஏற்ற இறக்கம் குறைந்த பாதை. இங்கே எந்த வண்டியும் ஓடும். இரண்டாவது, ஹாலிபர்ட்டன், பான்கிராஃப்ட், பாரி சவுண்ட் பக்கமுள்ள கனடியக் கேடயப் பாறை நிலம். வழுக்கும் கருங்கல் முதுகுகள், வெளியே நீண்டு கிடக்கும் வேர்கள், அவற்றுக்கிடையே கரிய சேற்றுப் பள்ளங்கள், நீர்நாய் போன்ற பீவர்கள் அணை கட்டித் தடத்தையே குளமாக்கிவிட்ட இடங்கள் என்று நூறு மீட்டருக்கு ஒரு சோதனை இங்கே காத்திருக்கும். மூன்றாவது, தெற்கே தனியாருக்குச் சொந்தமான பண்ணை நிலங்களும் அவற்றின் ஓரத்து மரத்தோப்புகளும். மான் வேட்டைக்குப் போகும் புதியவர்களில் பலர் ஒரு நண்பரின் அனுமதியோடு இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இவற்றில் எது உங்களுடையது என்பது தெரியாமல் எந்த வண்டியையும் ஒப்பிட முடியாது. அதோடு அனுமதியையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். அல்கொன்குயின் போன்ற மாகாணப் பூங்காக்களில் பொதுவாக ஏ.டி.வி. ஓட்ட முடியாது. அரச நிலத்தில் பெரும்பாலும் ஓட்டலாம் என்றாலும், மூடப்பட்ட பாதைகளும் தடைப் பலகைகளும் உண்டு. ஏ.டி.வி. சங்கங்கள் பராமரிக்கும் தடங்களுக்கு அவற்றின் அனுமதிச்சீட்டு தேவை. ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள கனராஸ்கா காட்டிலும் நுழைவுச் சீட்டு வாங்கியே ஓட்ட வேண்டும்.

இரண்டாம் படி: சுமைக் கணக்கைத் தாளில் போடுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டுகிறவர்கள்தான் பின்னர் காட்டில் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு ஏ.டி.வி.யின் கையேட்டிலும், வண்டியில் ஒட்டியுள்ள எச்சரிக்கை அட்டையிலும் மொத்தச் சுமை எல்லை எழுதப்பட்டிருக்கும். ஓட்டுநர், முன் தட்டு, பின் தட்டு, இழுவைக் கொக்கியின் மேல் இறங்கும் பாரம் என்று எல்லாமே அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். நடுத்தர வண்டி ஒன்றின் எல்லை 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குளிர் உடுப்பும் பூட்ஸும் தலைக்கவசமும் அணிந்த ஓட்டுநர் 90 கிலோ. துப்பாக்கி, முதுகுப்பை, சிறிய மரமறுக்கும் ரம்பம், கயிறு, உபரி பெட்ரோல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 25 கிலோவை எளிதில் எட்டிவிடும். மீதம் 105 கிலோ.

இப்போது விலங்கின் எடையைப் பாருங்கள். வளர்ந்த வெண்வால் மான் கடா 70 முதல் 100 கிலோவுக்கு மேலும் இருக்கும்; குடலை அகற்றிய பிறகு பின் தட்டில் வைத்துக் கட்டலாம். மூஸ் என்னும் மிகப் பெரிய மான் இனம் அப்படியல்ல. முழு வளர்ச்சி பெற்ற ஆண் மூஸ் 450 கிலோவையும் தாண்டக்கூடும். அதை நான்கு கால்பாகங்களாகப் பிரித்தாலும் எலும்போடு கூடிய ஒரு பின்கால்பாகம் 60 கிலோ அளவுக்கு வரலாம். பின் தட்டின் எல்லை சில வண்டிகளில் 60 கிலோவாகவும், சிலவற்றில் 80 கிலோவுக்கு மேலாகவும் இருக்கிறது. ஆகவே மூஸ் வேட்டைக்குப் போகிறவர் தட்டுகளை நம்பாமல் சிறிய காட்டு ட்ரெய்லர் ஒன்றையும் கணக்கில் சேர்த்து, வண்டியின் இழுவைத் திறனை முதலில் பார்க்க வேண்டும்.

பின் தட்டில் கனத்த இறைச்சியை உயரமாக அடுக்கும்போது வண்டியின் நிறைமையம் மேலேயும் பின்னேயும் நகர்ந்துவிடுகிறது. ஏற்றத்தில் முன் சக்கரங்கள் இலேசாகி, கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாத நிலை வரும். அதற்கு அடுத்த நிலை பின்னோக்கிக் கவிழ்வது. ஏ.டி.வி. விபத்துகளில் மிகக் கொடியது வண்டி ஓட்டுநரின் மேல் புரள்வதே. ட்ரெய்லரில் தாழ்வாக ஏற்றினால் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. இறைச்சிக்கும் அதுவே நல்லது. பல வண்டிகளில் பின் தட்டுக்கு அடியில்தான் புகைக்குழாய் சூடாக இருக்கும். அக்டோபர் தொடக்கத்தின் வெயில் நாள்களில் அந்தச் சூடு இறைச்சியைக் கெடுத்துவிடும்.

மூன்றாம் படி: எஞ்சின் அளவும் கியரும்

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், வேட்டையும் தடச் சவாரியும் கலந்த தேவைக்கு 400 முதல் 600 சிசி வரையிலான நான்கு சக்கர இயக்க வண்டியே பெரும்பாலானோருக்குப் போதும் என்பது தெரியவரும். ஹோண்டா ராஞ்சர் 420, யமஹா கோடியாக் 450, சுசுகி கிங்குவாட் 500, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570 போன்றவை இந்த வரிசையில் நீண்ட காலமாக நிலைபெற்ற பெயர்கள். கியூபெக்கின் வால்கோர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.ஆர்.பி. நிறுவனத்தின் கேன்-ஆம் அவுட்லாண்டர் வரிசையிலும் இந்த அளவில் வண்டிகள் உண்டு. 700 சிசிக்கு மேற்பட்டவை ஆழ்ந்த சேற்றிலும், தொடர்ந்து கனத்த ட்ரெய்லர் இழுப்பதிலும் பயன்படும். ஆனால் அவற்றின் எடையும் கூடுதல், புதியவரின் கட்டைவிரலுக்கு அவற்றின் வேகமும் கூடுதல். சிக்கிக்கொண்ட வண்டியை இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்த வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு பத்துக் கிலோவும் உணரப்படும்.

கியர் அமைப்பில் இரண்டு வழிகள் உள்ளன. போலாரிஸ், யமஹா, கேன்-ஆம் உள்ளிட்ட பெரும்பாலான நிறுவனங்கள் ரப்பர் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. முறையைப் பயன்படுத்துகின்றன. கியர் மாற்றும் வேலை இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் போதும். பெல்ட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அது வழுக்கும். அதிகச் சுமையை ஹை ரேஞ்சில் (வேகத்துக்கான கியரில்) இழுத்தால் சூடேறித் தேய்ந்துபோகும். இதற்கு மருந்து எளியது: நடை வேகத்தில் ஏறும்போதும், ட்ரெய்லர் இழுக்கும்போதும், பாறையில் ஊர்ந்து போகும்போதும் லோ ரேஞ்சுக்கு (மெதுவாக, கூடிய இழுவிசையோடு போகும் கியருக்கு) மாற்றிவிட வேண்டும். ஹோண்டாவின் ஏ.டி.வி.கள் பெல்ட் இல்லாமல் பல்சக்கரங்களிலேயே ஓடுகின்றன. பெல்ட் அறுந்து நடுக்காட்டில் நிற்கும் கவலை அவற்றில் இல்லை. ஆனால் ஹோண்டாவின் எல்லா மாடல்களிலும் லோ ரேஞ்ச் கிடையாது, அதனால் குறிப்பிட்ட மாடலின் விவரத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

எந்த முறையானாலும் எஞ்சின் பிரேக்கிங் இருக்கிறதா என்று கேளுங்கள். இறக்கத்தில் கட்டைவிரலை எடுத்தவுடன் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்த வேண்டும். 80 கிலோ இறைச்சியோடு ஈரமான இலைகள் மூடிய சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும். பிரேக் நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். என் கருத்தில், குதிரைத்திறனைவிட இந்த ஒரு வசதிக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் இல்லாத இரு சக்கர இயக்க ஏ.டி.வி.கள் விலை குறைவானவை; ரயில் பாதைத் தடத்துக்கு அவை சரி. வேட்டைக்கு வேண்டாம். இரு முன் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தால், ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் மற்றது இழுக்கும். கேடயப் பாறை நிலத்தில் அந்த வசதி அடிக்கடி கைகொடுக்கும்.

நான்காம் படி: பின் அச்சு

பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும் பழைய நேர் அச்சு முறையில் வண்டி இலேசாகவும், பாகங்கள் குறைவாகவும், சுமை ஏற்றினாலும் அச்சுக்கு அடியிலுள்ள இடைவெளி குறையாமலும் இருக்கும். குறை என்னவென்றால், அச்சின் நடுவே உள்ள கூடு தரைக்கு மிக அருகில் இருக்கும். சுமார் 16 செ.மீ. இடைவெளியே கிடைக்கும். மழைக்குழிவு விழுந்த தடத்தில், இரண்டு சக்கரப் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேட்டில் அது உரசி நிற்கும். ஒவ்வொரு சக்கரமும் தனியே ஏறி இறங்கும் ஐ.ஆர்.எஸ். முறையில் 25 முதல் 30 செ.மீ. வரை இடைவெளி கிடைப்பதோடு, நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு நோகாது. பாறையும் வேரும் நிறைந்த நிலத்துக்கு ஐ.ஆர்.எஸ்.; பண்ணைக்கும் சரளைத் தடத்துக்கும் ட்ரெய்லர் இழுப்பதற்கும் நேர் அச்சு. முதுகுவலி உள்ளவர்கள் யோசிக்காமல் முன்னதை எடுக்கலாம்.

ஐந்தாம் படி: உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா?

காட்சியறையில் உட்கார்ந்து மட்டும் பார்க்காதீர்கள். கால் வைக்கும் தட்டில் எழுந்து நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஏற்றத்தில் முன்னோக்கியும், சரிவில் மேட்டுப் பக்கமாகவும் உடம்பை நகர்த்தித்தான் ஏ.டி.வி.யை நிலைநிறுத்த முடியும். அதற்கு இடம் இல்லாத வண்டி எவ்வளவு நல்லதானாலும் உங்களுக்கு உரியதல்ல. கனத்த கையுறையை எடுத்துப்போய், அதைப் போட்டுக்கொண்டு கட்டைவிரல் முடுக்கியையும் பிரேக்கையும் இயக்கிப் பாருங்கள். மின்சார பவர் ஸ்டியரிங் உள்ள மாடலுக்குக் கூடுதல் விலை உண்டு, அது தகும். கல்லில் முன் சக்கரம் மோதும்போது கைப்பிடி உதறி மணிக்கட்டைத் திருப்புவதை அது பெரிதும் தணிக்கிறது. நவம்பர் மான் பருவத்துக்குக் கைப்பிடிச் சூடேற்றி இருப்பது மிக உதவும்.

ஒருவருக்கென்று செய்யப்பட்ட வண்டியில் இன்னொருவரைப் பின்னால் ஏற்றக் கூடாது. இருவர் போவதானால் நீண்ட அடித்தளத்தோடு இருவருக்கென்றே வரும் மாடலையோ, காரைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் அமரும் சைட்-பை-சைட் வண்டியையோ பாருங்கள். பின்னது அகலமானது, மரங்களுக்கிடையே ஏ.டி.வி. நுழையும் குறுகிய தடங்கள் பலவற்றில் அதைக் கொண்டுபோக முடியாது.

ஆறாம் படி: சட்டம்

உங்கள் சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்டுவதற்கு வண்டி பதிவு செய்யப்பட்டு, எண் தகடு பொருத்தப்பட்டு, காப்புறுதி பெற்றிருக்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம். அனுமதி உள்ள சாலைகளில் ஓட்ட ஜி2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) உரிமமாவது தேவை. அங்கே வேக எல்லை 50 கி.மீ. அல்லது அதற்குக் குறைந்த சாலையில் நீங்கள் 20 கி.மீ.க்கு மேலும், அதைவிடக் கூடிய சாலையில் 50 கி.மீ.க்கு மேலும் போகக் கூடாது. எந்தச் சாலையில் அனுமதி என்பது ஊருக்கு ஊர் மாறும், அந்தந்த நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரர் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. குண்டு நிரப்பிய துப்பாக்கியை ஏ.டி.வி.யில் வைத்திருக்கவோ, அதன் மேலிருந்து சுடவோ கூடாது. வண்டி நின்றிருந்தாலும் இதே விதிதான். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்ததிலிருந்து, மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரம் இருக்கும் வரை காட்டில் துப்பாக்கி குண்டு நீக்கப்பட்டு உறையில் இருக்க வேண்டும். அதிகாலை இருட்டில் விலங்குக்காகக் காத்திருக்கும் இடத்துக்குப் போகும் பயணம் முழுவதும் இந்த நேரத்துக்குள் வருவதால், கடினமான துப்பாக்கிப் பெட்டியைப் பொருத்தும் தாங்கியை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். மான், மூஸ் துப்பாக்கிப் பருவங்களில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குல ஆரஞ்சு நிற ஆடையும் ஆரஞ்சுத் தொப்பியும் கட்டாயம். வண்டியில் தலைக்கவசத்தைக் கழற்றியவுடன் அணிய அந்தத் தொப்பி சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

ஏழாம் படி: எங்கே வைப்பது, எதில் கொண்டுபோவது?

ஏ.டி.வி. ஏறத்தாழ 2.1 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்டது. எடை 270 முதல் 340 கிலோ வரை. ஒற்றைக் கார் நிறுத்தும் கராஜ் உள்ள வரிசை வீட்டில் இதை வைத்தால் காருக்கு இடம் இருக்காது என்பதை வீட்டாரோடு முன்பே பேசிவிடுவது நல்லது. 5 அடிக்கு 8 அடி ட்ரெய்லர் போதும், அதற்கும் தனிப் பதிவும் எண் தகடும் வேண்டும். உங்கள் எஸ்.யு.வி.யின் இழுவைத் திறனைக் கையேட்டில் பாருங்கள். பிக்கப்பில் ஏற்றுவதானால் சரிவுப்பலகையை வண்டியோடு பட்டையால் கட்டிய பிறகே ஏற்ற வேண்டும். பலகை பின்னுக்கு நழுவி வண்டி மேலே விழுந்த விபத்துகள் நிறைய உண்டு.

புதிய வண்டியின் விலைப் பட்டியலில் உள்ள தொகையோடு சரக்குக் கட்டணம், தயார் செய்யும் கட்டணம், 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரி மூன்றும் சேரும். எல்லாம் அடங்கிய தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த கடையோடு ஒப்பிடுங்கள்.

எட்டாம் படி: பழைய வண்டியைப் பார்க்கும் முறை

பழையது வாங்குவதில் தவறே இல்லை. கவனமாகப் பார்த்தால் நல்ல வண்டிகள் கிடைக்கும். விற்பவரிடம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். பிறகு இருக்கையைக் கழற்றிக் காற்றுவடிகட்டிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வெளிப்புறத்தை யாரும் கழுவிப் பளபளப்பாக்கிவிடலாம், ஆனால் அந்தப் பெட்டியின் அடிமூலையில் உலர்ந்து படிந்திருக்கும் சேறு, வண்டி எவ்வளவு ஆழமான நீரில் இறங்கியது என்பதைக் காட்டிவிடும்.

அடுத்து, முன்பகுதியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. அச்சு மூட்டுகளின் ரப்பர் உறைகள் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கர இயக்கத்தை வெறும் பொத்தான் விளக்கை வைத்து நம்ப வேண்டாம். புல்தரையிலோ சரளையிலோ மெதுவாக ஓட்டி, முன் சக்கரங்கள் உண்மையிலேயே இழுக்கின்றனவா என்று சோதியுங்கள். சட்டகத்தின் எண்ணும் பதிவுச் சீட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், கடன் பாக்கி இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழைய மூன்று சக்கர வண்டிகளைத் தொட வேண்டாம். 1970இல் ஹோண்டா அறிமுகப்படுத்திய அந்த வகை, எளிதில் கவிழ்ந்து பலரின் உயிரைப் பறித்ததால் 1980களின் இறுதியில் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது.

ஒன்பதாம் படி: கூட வாங்க வேண்டியவை

வின்ச் (கயிற்றைச் சுற்றி, சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் மின் கருவி) இல்லாமல் தனியே காட்டுக்குள் போகாதீர்கள். 2,500 பவுண்டு இழுவைத் திறன் கொண்டது நடுத்தர வண்டிக்குப் போதும். அறுந்தால் சாட்டையாய்ப் பாயும் இரும்பு வடத்தைவிடச் செயற்கை இழைக் கயிறு பாதுகாப்பானது. மரத்தில் கட்ட அகலமான பட்டை ஒன்றும் தேவை, இல்லாவிட்டால் கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். வின்ச் இயங்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். பல புதிய மாடல்களில் கயிறு இழுத்துக் கிளப்பும் வசதி இல்லாததால், மின்கலம் தீர்ந்தால் நடந்துதான் வர வேண்டியிருக்கும்.

ஏ.டி.வி. டயரின் அழுத்தம் பொதுவாக 5 முதல் 7 பி.எஸ்.ஐ. மட்டுமே. கார் டயர் அளவுகோல் இதைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான அளவுகோல், துளையடைக்கும் பொருள்கள், சிறிய காற்றுப் பம்ப் மூன்றும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

பத்தாம் படி: பருவத்துக்கு முன் ஒத்திகை

வண்டியை வாங்கி நேரே அக்டோபர் மூஸ் முகாமுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆகஸ்டிலோ செப்டெம்பரிலோ பழக்கமான தடம் ஒன்றில் முதலில் வெறுமையாக ஓட்டுங்கள். அடுத்த முறை, வீட்டில் உள்ள நாற்பது பவுண்டு அரிசி மூட்டைகள் மூன்றை உறுதியான பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பின் தட்டில் இறுகக் கட்டி, சுமார் 55 கிலோ சுமையோடு அதே தடத்தில் போய்வாருங்கள். லோ ரேஞ்சில் ஏறி, எஞ்சின் பிரேக்கில் இறங்கிப் பார்த்தால் வண்டியின் குணம் முற்றிலும் மாறியிருப்பது தெரியும்; உடம்பை எவ்வளவு முன்னே கொண்டுவர வேண்டும் என்பதும் அப்போதுதான் பிடிபடும். கட்டிய பட்டைகள் எத்தனை கிலோமீட்டரில் தளர்கின்றன என்பதைக் கவனியுங்கள். வீடு திரும்பியதும் சக்கர நட்டுகள், தட்டுகளின் திருகுகள், எண்ணெய் அளவு, டயர் அழுத்தம் நான்கையும் சரிபார்த்து, முதல் எண்ணெய் மாற்றத்துக்குக் கையேடு சொல்லும் மணிக்கணக்கைக் குறித்து வையுங்கள். புதிய எஞ்சினுக்கு அது வழக்கமான இடைவெளியைவிட மிக விரைவிலேயே வந்துவிடும், பருவத்தின் நடுவில் வராதபடி முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.